நான்கு பேரும் ஆஜர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு லிஃப்ட் மெக்கானிக் திருமண ஆவணக் காப்பகத்தின் முதல் ஜன்னல் முன்னால் போய் நின்றான். அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. ஜன்னலுக்குப் பின்னாலும் யாரும் இல்லை.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஆகியிருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அவனுக்கே தலை பாதி நரைத்துவிட்டது. ஆனால் முதியோர் இல்லத்து மேலாளருக்கு அது போதவில்லை.

அந்த இல்லத்தில் ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம், நடுவில் பெரிய தோட்டம். தம்பதிகளுக்கென்று தரைத்தளத்தில் சில அறைகள் உண்டு. ஒன்று காலியாகியிருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். "கல்யாணப் பதிவு கொண்டு வாங்க. இல்லேன்னா அப்பா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்றால் இரண்டு பேரும் தொலைந்தார்கள். வெல்டிங் வேலை அப்பாவின் கண்ணை வாங்கிக்கொண்டது. தறிக்கூடம் அம்மாவின் காதை வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த கண்ணையும் காதையும் வைத்து இருவரும் ஒரே ஆளாகக் குடும்பம் நடத்திவந்தார்கள். கதவு தட்டும் சத்தத்தை அவர் பிடிப்பார். வந்தது யார் என்று அவள் பார்ப்பாள். மாத்திரையை அவள் எடுத்துக் கொடுப்பாள். மருத்துவர் சொன்னதை அவர் அவள் காதோரம் குனிந்து சொல்வார். மருத்துவர் கால் மணி நேரம் பேசினாலும் அப்பா இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அம்மா கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "என்னவாம்?"

மகன் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் வீடு நான்காவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இதைக் கேட்டு யாராவது சிரித்தால் அவனும் சேர்ந்து சிரித்துவிடுவான்.

ஒன்பதரைக்கு ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் வந்தார். நாற்காலியில் ஒரு சின்ன மெத்தையைப் போட்டார். உட்கார்ந்தார். எழுந்து மெத்தையைத் திருப்பிப் போட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"குடும்பப் பேரு?"

சொன்னான்.

"எப்படி எழுதுவீங்க?"

"அதுதாங்க சிக்கல். தாத்தா ஒரு மாதிரி எழுதினாரு. பள்ளிக்கூடத்துல ஒரு எழுத்தைக் கழிச்சுட்டாங்க. ஆலையில சம்பளப் பட்டியல் எழுதினவரு தன் இஷ்டத்துக்கு ஒண்ணைச் சேர்த்தாரு. அடையாள அட்டையில வேற மாதிரி இருக்கு."

"உங்க குடும்பத்துல யாருக்குமே எழுதத் தெரியாதா?"

"எழுதினவங்க எல்லாம் ஆபீஸ்காரங்கதாங்க."

ஜன்னல்காரர் அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அவன் நீட்டிய அப்பாவின் அட்டை நகலையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். போனவர் வர நேரமானது. வரும்போது கையில் ஒரு பெரிய பதிவேடு இருந்தது, வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். பதிவு கிடைத்துவிட்டது. தேதி சரி. அம்மா பெயர் சரி. அப்பா பெயர் சரி. தொழில், வெல்டர். முகவரி, ஆலைக் குடியிருப்பு. குடும்பப் பெயரில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல்.

"இவரு உங்க அப்பா இல்ல."

"அப்பாதாங்க."

"அட்டையில இந்த எழுத்து இல்லையே."

"மத்ததெல்லாம் சரியா இருக்குங்களே. அம்மா பேரு, தேதி, வெல்டர்னுகூடப் போட்டிருக்கு."

"அதாவது உங்க அம்மா ஒரு வெல்டரைக் கல்யாணம் பண்ணியிருக்காங்க. அதை நான் மறுக்கவே இல்ல. அந்த வெல்டர்தான் உங்க அப்பான்னு சொல்ல உங்ககிட்ட என்ன இருக்கு?"

மெக்கானிக் யோசித்தான். அவனிடம் அப்பாவின் மூக்கு இருந்தது. அதைக் காட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அந்த ஒரு எழுத்தைத் திருத்த முடியாதுங்களா?"

ஜன்னல்காரர் மெல்வதை நிறுத்தினார். பக்கத்து ஜன்னலில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் இருந்தது பார்வை. ஜன்னல்காரர் பேனாவால் சுவரைக் காட்டினார். பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: இங்கு எதுவும் அழிக்கப்படுவதில்லை.

"இங்க திருத்தம் கிடையாது. சேர்க்கை மட்டும்தான்."

"தப்பா இருந்தா?"

"தப்புக்குப் பக்கத்துல சரியானதைச் சேர்ப்போம். ரெண்டும் இருக்கும். எது எதுன்னு பார்க்கிறவங்க முடிவு பண்ணிக்கட்டும். எங்களுக்கு எந்தப் பக்கமும் சாய்வு இல்ல. ரெண்டாம் ஜன்னலுக்குப் போங்க."

இரண்டாம் ஜன்னல் அம்மாள் மரியாதையானவள். விவரத்தைப் பொறுமையாகக் கேட்டாள். புதுப் பக்கம் புரட்டினாள். மேசை மேலிருந்த மணியை அடித்தாள்.

காப்பகத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெயர் பதிவேட்டில் ஏறும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரோடு நின்றார். தூங்கிக்கொண்டிருந்தவர் தூக்கத்தோடு நின்றார். அம்மாள் காதில் விழுந்தபடி பெயரை எழுதினாள். முத்திரை குத்தினாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். அது பதிவேட்டில் இருந்த பெயரும் இல்லை, அட்டையில் இருந்த பெயரும் இல்லை.

"மேடம், இது வேற மாதிரி இருக்கு."

"அடடா" என்றாள் அம்மாள். உண்மையாகவே வருந்தினாள். மணியை அடித்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இன்னொரு விதமாக எழுதினாள்.

அவன் வாய் திறப்பதற்குள் தம்ளர்க்காரர் பின்னாலிருந்து, "தம்பி, எனக்கு முட்டி வலி. சட்டுனு ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

அவன் அட்டையின் நகலை ஜன்னல் வழியே உள்ளே தள்ளினான். மூன்றாவது முறை மணி அடித்தது. அம்மாள் அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதினாள். இந்த முறை சரியாக இருந்தது.

"இப்ப நகல் குடுத்துடுவீங்களா, மேடம்?"

"எப்படிங்க? உங்க அம்மா பேருக்கு எதிர்ல இப்ப நாலு புருஷன் இருக்காங்களே."

"மூணு பேரை நீங்கதானே இப்ப எழுதினீங்க?"

"நீங்க சொல்லச் சொல்ல எழுதினேன். நாங்க யாரையும் தப்பா நினைக்கிறதில்லைங்க. வயசுக் காலத்துல அது அவங்க சொந்த விஷயம். வியாழக்கிழமை காப்பாளர் விசாரிப்பாரு. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நாலு புருஷனும் வரணும்."

சாயங்காலம் அவன் இதைப் பெற்றோரிடம் சொன்னான். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா அவர் தோளைத் தட்டினாள்.

"என்னவாம்?"

"உனக்கு நாலு புருஷனாம்."

அம்மா சற்று யோசித்தாள். "அதுல ஒருத்தராவது பாத்திரம் கழுவுவாரான்னு கேளுங்க."

வியாழக்கிழமை மூவரும் நடைக்கூடத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். அம்மா அவர் பொத்தானைச் சரிபார்த்தாள். பிறகு சுவரில் இருப்பதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

"'இங்கு எதுவும் அழிக்கப்படுவதில்லை'ன்னு போட்டிருக்கு."

"அப்ப நம்ம கல்யாணமும் பத்திரமா இருக்கும்" என்றார் அப்பா.

அழைப்பாளர் வெளியே வந்தார். தலைப்பாகை, இடுப்பில் பட்டை, கையில் அட்டை. அந்தக் கட்டடத்தில் உரக்கப் பேச உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்று அப்பா எழுந்தார்.

அழைப்பாளர் குறித்துக்கொண்டார். இரண்டாம் பெயரைக் கூப்பிட்டார். எழுத்தில்தான் வித்தியாசம், வாயில் எல்லாம் ஒன்றுதான்.

"இருக்கேங்க. இப்பத்தானே சொன்னேன்?"

"அவரு சொன்னாரு. நீங்க சொல்லுங்க."

"இருக்கேன்."

மூன்றாம் பெயர். நான்காம் பெயர். அப்பா நான்கு முறையும் இருந்தார். கடைசி முறை சற்றுக் கோபமாகவே இருந்தார். அழைப்பாளர் கதவைத் திறந்து உள்ளே அறிவித்தார்: "நான்கு பேரும் ஆஜர்!"

காப்பாளரின் அறை நீளமானது. கோடியில் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடியைப் படிய வாரியிருந்தார். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றுவார். பேசி முடித்துப் போட்டுக்கொள்வார். ஆக, பேசும்போது எதிரில் இருப்பவர் அவருக்குத் தெரியமாட்டார்.

கண்ணாடியைக் கழற்றினார்.

"குடும்பம் மனுஷங்களால ஆனதுன்னு வெளியில நினைக்கிறாங்க. அது காகிதத்தால ஆனது. மனுஷன் மாறுவான். முகம் மாறும், குரல் மாறும், முடி கொட்டும். பதிவு மாறாது. ஒரு காலத்துல இந்தக் கட்டடத்துல தீப்பிடிச்சது. எனக்கு முன்னால இருந்த காப்பாளர் அத்தனை பதிவேட்டையும் வெளியே கொண்டு வந்துட்டாரு. வாசல்ல நின்னு எண்ணிப் பார்த்தாரு. ஒண்ணுகூடக் குறையல. அப்புறம்தான் எழுத்தர் ஒருத்தர் உள்ள இருக்கிறது ஞாபகம் வந்தது."

"அவருக்கு என்னங்க ஆச்சு?" என்று மெக்கானிக் கேட்டான்.

"பதிவு பண்ணினோம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"காகிதம் எரியலையாம்."

பிறகு கணவர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நான்கு கட்டங்கள். அம்மா அப்பாவின் விரலைப் பிடித்து ஒவ்வொரு கட்டத்திலும் வைத்தாள். அப்பா ஆலையில் சம்பளம் வாங்கும்போது போட்ட அதே கையெழுத்தை நான்கு முறை போட்டார். காப்பாளர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முதல் ஜன்னல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவர் முகமும் கறுத்தது.

"நாலும் ஒரே மாதிரி இருக்கு."

மெக்கானிக்குக்கு மூச்சு வந்தது. "அதைத்தாங்க நானும் முதல்லேருந்து சொல்றேன்."

"நாலு பேருக்கு ஒருத்தரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இதுக்கு என்ன பேருன்னு தெரியுமா? ஆள்மாறாட்டம்."

"சார், அவரு அவருக்காகத்தானே போட்டாரு?"

"எந்த அவருக்காக?"

அம்மா அப்பாவின் தோளைத் தட்டினாள்.

"என்னவாம்?"

"என் கையெழுத்து நல்லா இருக்காம்" என்றார் அப்பா.

காப்பாளர் பெரியவர்கள் இருவரையும் நடைக்கூடத்தில் காத்திருக்கச் சொன்னார். மகனை மட்டும் இருக்கச் சொன்னார். கதவு திறந்தே இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். இப்போது அவர் பேச்சில் ஒரு மாமாவின் வாஞ்சை இருந்தது.

"வயசானவங்க. போலீசுக்கெல்லாம் எழுத எனக்கு மனசில்ல. உங்களுக்கு என்ன வேணும்?"

"நாளைக்குள்ள ஒரு நகல் வேணும் சார். இல்லேன்னா ரெண்டு பேரையும் பிரிச்சுடுவாங்க. அவருக்குக் கண்ணு தெரியாது, அவங்களுக்குக் காது கேக்காது."

"ஒரு மனைவிக்கு எதிர்ல ஒரு கணவன் இருந்தா இந்த நிமிஷமே நகல் தரேன். இங்க நாலு இருக்கு. அழிக்க முடியாது. ஆனா முடிக்கலாம். பதிவு முடியறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு பிரிவு. அதுக்கு ரெண்டு பேர் சம்மதம் வேணும், ஆறு மாசம் ஆகும். இன்னொண்ணு மரணம். அதுக்கு யாரோட சம்மதமும் வேண்டாம். மகன் கையெழுத்து இருந்தா போதும்."

மெக்கானிக் நாற்காலியில் பின்னால் நகர்ந்தான்.

"பதறாதீங்க. ஆள் இல்லங்க, பதிவு. எந்தப் பேருல கல்யாணம் நடந்ததோ அவரு இருக்கட்டும். மிச்ச மூணு பேரையும் அனுப்பி வச்சுடலாம். செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி இல்லாதவங்கதானே? ஒரு எழுத்து செத்தா யாரு அழப்போறா?"

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், அழுத்திய பொத்தான்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அவனும் அப்படித்தான் ரத்து செய்வான். பெட்டி நகர்ந்துவிடும். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். இரண்டாம் ஜன்னல் அம்மாள் பதிவேடும் மணியுமாக உள்ளே வந்தாள், பின்னாலேயே தம்ளர்க்காரரும் வந்தார்.

மணி அடித்தது. மரணத்துக்கு எல்லோரும் உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். நின்றுகொண்டிருந்தவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். திறந்த கதவு வழியே நடைக்கூடம் தெரிந்தது. அப்பா கால் மரத்துப்போனதால் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அழைப்பாளர் அவர் தோளைத் தொட்டார்.

"உட்காருங்க பெரியவரே. யாரோ போயிட்டாங்க."

"ஐயோ பாவம்" என்று அப்பா உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது மணிக்கும் குனிந்தார். மூன்றாவது மணிக்கு, "ஒரே குடும்பமா?" என்று விசாரித்தார்.

சிறிது நேரத்தில் நகல் வந்தது. பெற்றோரை உள்ளே அழைத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். காப்பாளர் தன் கையாலேயே நகலை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அப்பாவுக்காகச் சத்தம் போட்டு வாசித்தாள். தன் பெயரை வாசித்தாள். தேதியை வாசித்தாள். கணவர் பெயர் வந்ததும் நிறுத்தினாள்.

"நம்ம பேருல ஒரு எழுத்து கூட இருக்குங்க. இருந்துட்டுப் போகட்டும். முத்திரை நல்லா விழுந்திருக்கு."

அப்பாவின் கையை எடுத்து முத்திரை மேல் வைத்தாள். அவர் விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

காப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு சின்ன வேலை பாக்கி. ஐயாவோட அடையாள அட்டையைக் குடுங்க."

அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். முதல் ஜன்னல்காரர் அதை வாங்கிக் கத்தரியால் குறுக்கே வெட்டினார். இரண்டு துண்டையும் ஒரு உறையில் போட்டு ஒட்டினார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றான் மெக்கானிக்.

"இந்த அட்டையில இருக்கிறவரு இன்னிக்குக் காலமாயிட்டாரு. மூணாவது மணி. இறந்தவங்க அட்டை கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது."

"சார், அது அப்பாவோட அட்டை."

"ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார் காப்பாளர். குரலில் வருத்தம் இருந்தது. "அம்மா நாளைக்குத் தாராளமா அந்த அறைக்குப் போகலாம். நகல்ல இருக்கிற கணவர் தன்னோட அட்டையைக் காட்டினா அவரும் கூடப் போகலாம்."

"அவருதாங்க இவரு!"

"இவரு யாருன்னு நான் எப்படிச் சொல்றது? இவர்கிட்ட அட்டை இல்ல. யாருன்னே தெரியாத ஒரு ஆம்பளையை, கல்யாணம் ஆன ஒரு அம்மாவோட ஒரே அறையில வைக்கச் சொல்றீங்களா? அதுவும் இந்தக் கட்டடத்துல நின்னுக்கிட்டு?"

"புது அட்டை வாங்கிக்கிறோம்."

"வாங்கலாமே. உயிரோட இருக்கிறவங்களுக்குக் குடுப்பாங்க. இவரு இல்லைன்னு உங்க கையெழுத்துதான் சொல்லுது."

"அந்தக் கையெழுத்தை..." என்று ஆரம்பித்த மெக்கானிக் சுவரைப் பார்த்தான். அங்கேயும் அதே வாசகம் எழுதியிருந்தது.

"வேணும்னா சேர்க்கலாம்" என்றார் காப்பாளர் ஆறுதலாக. இரண்டாம் ஜன்னல் அம்மாள் மணியை நோக்கிக் கையை நீட்டினாள். தம்ளர்க்காரர் எழுந்திருக்கத் தயாராக நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா, காப்பாளரின் குரல் வந்த திசையிலிருந்து முகத்தைத் திருப்பி, மகன் இருப்பதாக அவர் நினைத்த பக்கம் பார்த்தார். அங்கே ஒரு பீரோ இருந்தது.

"நீயாடா போட்ட?"

"எழுத்துக்குத்தான்ப்பா போட்டேன்."

அப்பா தலையாட்டினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பை தட்டையாக இருந்தது.

காப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்தது. நகலை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பையின் வாயை இழுத்து மூடினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னவாம்?"

அப்பா வழக்கம்போல் அவள் காதோரம் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். அவள் அவர் சட்டைக் கையை இழுத்தாள்.

"ஏங்க, இவ்வளவு நேரம் பேசினாரே. என்னவாம்?"